ஆக்ஸ்போர்டு சம்பிரதாயத்தின் யோக்கியதை

நமது ஊரில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு கனவான் இருக்கின்றார். நல்ல மனிதர், தர்மசிந்தை உடையவர். நமது கூட்டங்களுக்கு அவர் வருவதில்லை. ஆனால் கூட்டம் முடிந்து நாம் திரும்பும்போது கடை வாசலில் நம்மை நிறுத்தி வைத்துக்கொண்டு தர்க்கம் செய்வதில் மாத்திரம் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. அவருடைய இளைய மகள் சென்ற அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து படிக்கப் போயிருக்கின்றாள். போன இரண்டாவது வாரமே அந்தப் பெண் ஒரு போட்டோப் படம் அனுப்பியிருக்கின்றாள். கறுப்பு அங்கி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு கறுப்பு நாடா, கையில் சதுரப் பலகை வைத்த தொப்பி. பின்னால் கருங்கல் மண்டபம்.

கனவான் அந்தப் படத்தைச் செல்போனில் திறந்து நம் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாருங்கள் தம்பி! எண்ணூறு வருஷத்துச் சம்பிரதாயம். லத்தீனில் மந்திரம் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்களாம். சாப்பாட்டுக்கு முன்னால் லத்தீனில் பிரார்த்தனையாம். ஆகாய விமானம் செய்கிற வெள்ளைக்காரனே தன் பழக்கத்தை விடவில்லை. நீங்கள் என்னடா என்றால் நம்முடைய சம்பிரதாயம் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு ‘ஏன், ஏன்’ என்கிறீர்கள்!”

பக்கத்தில் நின்ற நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். நாமும் அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தோம். பெண்ணின் முகத்தில் நல்ல சந்தோஷம் தெரிந்தது. அதைக் கண்டு நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் நமக்குத் தோன்றிய எண்ணம் வேறு. அந்தச் சர்வகலாசாலை தன் சம்பிரதாயத்தை இந்தக் கனவான் சொல்லுகிறபடியே விடாமல் காப்பாற்றி வந்திருக்குமானால் இந்தப் பெண் இந்தப் படத்தில் இருந்திருக்க முடியுமா என்பதுதான் அது. அன்று அங்கே நின்றபடி சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம். ஏனெனில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல. சாஸ்திரத்தைக் காட்டி நியாயம் சொல்ல முடியாத இடத்தில் சீமையைக் காட்டி நியாயம் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் எல்லா ஊரிலும் பரவியிருக்கின்றது.

முதலில் சங்கதியைத் தெரிந்துகொள்ளுவோம். ஆக்ஸ்போர்டில் வருஷத்துக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொன்றும் எட்டு வாரம். அக்டோபரில் துவங்கி டிசம்பர் ஆரம்பத்தில் முடிகின்ற முதற் பருவத்துக்கு, அதாவது நம் கணக்கில் ஐப்பசி கார்த்திகை அடை மழைக் காலத்துக்கு, ‘மைக்கேல்மஸ்’ என்று பெயர். மைக்கேல் என்பவன் தேவதூதர்களுக்கெல்லாம் தலைவனாம். அவன் திருநாள் செப்டம்பர் 29. அடுத்த பருவத்துக்கு ஹிலரி என்கிற ஒரு பரிசுத்தவான் பெயர். மூன்றாவதற்குத் திரித்துவத்தின் பெயர். கணக்கும் ரசாயனமும் வைத்தியமும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் பாடக் காலத்துக்குக் கூட ஒரு வானவன், ஒரு சாமியார், ஒரு கடவுள். நம் ஊரில் புரட்டாசியைப் பெருமாளுக்கும் மார்கழியைத் திருப்பாவைக்கும் எழுதி வைத்திருப்பதுபோல அங்கே பள்ளிக்கூடப் பஞ்சாங்கத்தையே எழுதி வைத்துவிட்டார்கள். பெயர்தானே, போகட்டும்.

இந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையெல்லாம் அங்கி மாட்டி, ஷெல்டோனியன் என்கிற மண்டபத்துக்கு வரிசையாக அழைத்துக்கொண்டு போகின்றார்கள். லண்டன் செயின்ட் பால் கோவிலைக் கட்டிய ரென் என்பவர் 1669ல் கட்டி முடித்த மண்டபம் அது. அங்கே உபஅத்தியட்சகர் எழுந்து லத்தீனில் சில வார்த்தைகள் சொல்லுகின்றார். நமது கனவான் மந்திரம் என்றது இதைத்தான். அதைத் தமிழில் சொன்னால், இன்று முதல் உங்கள் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது, சட்டதிட்டங்களை மீறாமல் நடந்துகொள்ளுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா பெயரை எழுதிக்கொண்டு “போ, மூன்றாவது பெஞ்சில் உட்கார்” என்று சொல்லுகிறாரே, அதே காரியம். புரியாத பாஷையில் சொன்னால் கைகட்டிக் கேட்கின்றார்கள். புரிகிற பாஷையில் சொன்னால் கொட்டாவி விடுகின்றார்கள். கலியாணப் பந்தலில் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் சில வேடிக்கைகளையும் சொல்லிவிடுகின்றோம். கிறைஸ்ட் சர்ச் என்கிற கலாசாலையில் ஒரு பெரிய மணி இருக்கின்றது. தினம் இரவு 9 மணி 5 நிமிஷத்துக்கு அது 101 தடவை அடிக்கப்படுகின்றது. பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஆதியில் அடித்தது. 101 எதற்கு? ஆதியில் அங்கே இருந்த மாணவர்கள் 100. பிறகு ஒருவர் கூட, 101. சரி, அந்த 5 நிமிஷம் எதற்கு? இங்கேதான் விசேஷம். ரயில் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தை வைத்துத் தன் கடிகாரத்தை ஓட்டிற்று. அந்தக் கணக்கில் ஆக்ஸ்போர்டு லண்டனுக்கு 5 நிமிஷம் பின்னால். ரயில் வந்து தேசம் முழுவதற்கும் ஒரே மணியாகி நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த மணிக்கு மாத்திரம் இன்னும் பழைய கணக்கு. ராகுகாலத்துக்கு முன் வண்டி ஏற வேண்டும் என்று ஸ்டேஷனில் தவிக்கும் நம்மவர்களைப் பார்த்துச் சிரிக்கும் வெள்ளைக்காரர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

குயின்ஸ் காலேஜ் என்கிற மற்றொன்றில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பன்றித் தலையைத் தட்டில் வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு விருந்துக்குக் கொண்டுவருகின்றார்கள். அதற்கு ஒரு தலபுராணம். முன்னொரு காலத்தில் ஒரு மாணவன் காட்டு வழியே அரிஸ்டாட்டில் புஸ்தகத்தைப் படித்துக்கொண்டே போனானாம். காட்டுப்பன்றி பாய்ந்து வந்ததாம். கையில் ஆயுதமில்லை. புஸ்தகத்தையே அதன் தொண்டைக்குள் திணித்தானாம், பன்றி செத்ததாம். கிரேக்கம் படிக்க முயன்ற எந்த மாணவனும் இதை நம்புவான் என்று நினைக்கின்றோம்.

இவற்றையெல்லாம்விட மெர்ட்டன் காலேஜ்க்காரர்கள் செய்வது நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு அந்தத் தேசத்தார் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பி வைப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் அங்கி போட்ட மாணவர்கள் கையில் மதுக் கிண்ணத்தோடு முற்றத்தைப் பின்புறமாகவே நடந்து சுற்றி வருகின்றார்கள். அப்படிச் சுற்றாவிட்டால் காலம் குலைந்து போகுமாம்! இது எந்த ரிஷி ஏற்படுத்தியது என்று கேட்டால், 1971ல் சில மாணவர்கள் மற்றக் கலாசாலைகளின் சடங்குகளைக் கேலி செய்வதற்காக ஆரம்பித்தது. கேலிக்குப் பிறந்தது ஐம்பது வருஷத்தில் ‘நமது கலாசாலைச் சம்பிரதாயம்’ ஆகிவிட்டது. இதைத் துவக்கியவர்கள் சிரித்துக்கொண்டே துவக்கினார்கள் என்பது எழுத்தில் இருப்பதால் தப்பித்தது. எழுதி வைக்காத ஊரிலே இதற்குள் ஒரு கோபுரமும் ஓர் உண்டியலும் எழும்பியிருக்கும்.

இப்படிச் சொல்லும்போது கேலிக்காகச் சொல்லுகின்றோம் என்று எண்ண வேண்டாம். ஆதாரத்தோடே ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லுகின்றோம். அந்தச் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டத்துக்குப் போகிற ஒவ்வொருவனும் ‘ஹென்றி சைமியோனிஸ் என்பவனோடு ஒருநாளும் சமாதானமாகப் போவதில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. யார் இந்த ஹென்றி? 1242ல் ஒரு மாணவனைக் கொன்ற குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஊர்க்காரர்களில் ஒருவன். இருபது வருஷத்துக்குப் பின் அரசன் அவனை மன்னித்து ஊருக்குள் விட்டான், சர்வகலாசாலை மன்னிக்கவில்லை. கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அவன் செத்துப் புதைந்து, அவன் பேரன் பேத்தியும் செத்து, அவன் யார் என்பதே எல்லோருக்கும் மறந்துபோன பிறகும் சத்தியம் நடந்துகொண்டேயிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்த இடத்துச் சரித்திரக்காரர் ஒருவர் அவனைப் பற்றித் தாமாகவே ஒரு கதை கட்டிச் சேர்த்தார். அந்த நூற்றாண்டின் நடுவிலே இதை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூடாது என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் எடுத்தது 1827ல். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக, தேசத்திலேயே பெரிய படிப்பாளிகள் என்று பெயர் வாங்கியவர்கள் வரிசையாக நின்று, யாரென்று தெரியாத ஒருவனைப் பகைப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். அவன் யார் என்று பழைய தஸ்தாவேஜுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தது 1912ல்!

படிப்பு இருந்தால் மூடநம்பிக்கை தானாகப் போய்விடும் என்று நம்மவரில் பலர் எண்ணுகின்றார்கள். அவர்கள் இந்த ஹென்றியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்காத படிப்பு எவ்வளவு பெரிய மண்டபத்தில் நடந்தாலும் இதுதான் கதி. (போட்லியன் புஸ்தகசாலையில் சேருகிறவர்கள் இன்றும் ‘உள்ளே நெருப்புக் கொண்டுவர மாட்டேன்’ என்று வாக்குறுதி கொடுக்கின்றார்கள். அந்த வாக்குறுதியை நாமும் கொடுக்கத் தயார். ஏன் என்று கேட்டால் பதில் இருக்கின்றது.)

நிற்க. இதுவரை சொன்னவற்றால் யாருக்கும் அதிக நஷ்டமில்லை. மணி அடித்தாலும் பின்னால் நடந்தாலும் ஊர் கெட்டுவிடாது. இனிச் சொல்லப்போவதுதான் நமது கனவானுடைய படத்துக்குச் சம்பந்தப்பட்டது.

அதே அக்டோபர் மாதத்தில், அதே சேர்க்கைச் சடங்கில், 1581 முதல் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்துச் சபையின் 39 மதக் கொள்கைகளையும் நான் ஒப்புக்கொள்ளுகின்றேன் என்பது அந்தக் கையெழுத்து. ஒப்பாதவன் உள்ளே வரவே முடியாது. கத்தோலிக்கனுக்கு இடமில்லை. யூதனுக்கு இடமில்லை. கிறிஸ்தவனாகவே இருந்தாலும் அரசாங்கச் சபையில் சேராத கிறிஸ்தவனுக்கு இடமில்லை. இந்துவும் முஸ்லிமும் கணக்கிலேயே இல்லை. இது எவ்வளவு காலம்? 1854ல் பார்லிமெண்டு சட்டம் செய்து சேர்க்கைக்கும் பி.ஏ. பட்டத்துக்கும் இந்தக் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லும் வரையில். 273 வருஷம்! எம்.ஏ. பட்டத்துக்கும் உபாத்தியாயர் உத்தியோகத்துக்கும் அதற்குப் பிறகும் பூட்டு இருந்தது. அது உடைந்தது 1871ல்.

கையெழுத்துப் போட்டவர்களாவது நம்பிக்கையோடு போட்டார்களா? பெந்தாம் என்கிற பேரறிஞர் 1760ல் தம்முடைய 12வது வயதில் குயின்ஸ் காலேஜில் சேர்க்கப்பட்டார். மனம் ஒப்பாமல் அந்த 39க்கும் கையெழுத்துப் போட நேர்ந்ததைப் பற்றி அவர் கிழவரான பிறகும் கசப்போடு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவனுக்குக் கல்வியின் முதற்பாடமாகப் பொய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது? பின்னால் 1826ல் லண்டனில் மதப் பரீட்சையே இல்லாத ஒரு கலாசாலை ஏற்பட்டதற்கு இவருடைய கொள்கைகளே தூண்டுதல். பாதிரிகள் அதைக் ‘கடவுளற்ற கலாசாலை’ என்று திட்டினார்கள். பெந்தாமின் எலும்புக்கூட்டுக்கு அவருடைய உடுப்பையே உடுத்தி அந்தக் கலாசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கின்றார்கள். அவரே அப்படிச் செய்யச் சொல்லி எழுதி வைத்தாராம். பகுத்தறிவுக்காரர்கள் செய்வதிலும் சிரிப்பதற்கு இடமிருக்கின்றது என்பதை மறைப்பானேன்?

கேம்பிரிட்ஜிலும் இதே கதைதான். அங்கே சில்வெஸ்டர் என்கிற யூதர் 1837ல் கணிதப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறினார். கொள்கைகளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் பட்டமில்லை. பிற்காலத்தில் உலகமறிந்த கணித மேதையாகி 35 வருஷம் கழித்து 1872ல்தான் அந்தப் பட்டம் கைக்கு வந்தது. நியூமா ஹார்ட்டாக் என்கிற மற்றொரு யூத வாலிபர் 1869ல் கணிதத்தில் முதலாவதாகவே தேறினார். வழக்கப்படி கிடைக்க வேண்டிய கலாசாலைப் பதவி மதத்தின் பேரால் கிடைக்கவில்லை. அவர் பிரபுக்கள் சபையின் கமிட்டி முன்னால் போய்ச் சாட்சி சொன்னார். 1871 ஜூன் மாதம் சட்டம் நிறைவேறிற்று. அதே மாதத்திலேயே அவர் பெரியம்மை கண்டு இறந்துபோனார். வயது 25. கதவைத் தட்டித் திறந்தவர் வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். நம் நாட்டுக் கல்வியைப் பற்றி 1929ல் அறிக்கை கொடுத்த ஹார்ட்டாக் கமிட்டியை வாசகர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் தலைவர் இவருடைய தம்பிதான்.

உள்ளே வந்த பிறகு ஒருவன் யோசிக்க ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கின்றது. 1810 அக்டோபர் மாதம், அதாவது அதே மைக்கேல்மஸ் பருவத்தில், ஷெல்லி என்கிற 18 வயது வாலிபன் யூனிவர்சிட்டி காலேஜில் வந்து தங்கினான். சில மாதத்தில் ‘நாஸ்திகத்தின் அவசியம்’ என்கிற ஒரு சின்னப் புஸ்தகத்தைத் தன் நண்பன் ஹாக் என்பவனோடு சேர்ந்து பெயர் போடாமல் அச்சிட்டான். அதில் வசை ஒன்றுமில்லை. நம்பிக்கை என்பது ஒருவன் இஷ்டப்பட்டு வரவழைக்கக்கூடியது அல்ல, சாட்சிக்குத் தக்கபடி வருவது, ஆகையால் சாட்சி போதாமல் நம்பாதவனைத் தண்டிப்பது நியாயமல்ல என்பதுதான் அதன் சாரம். மேற்றிராணியார்களுக்கும் கலாசாலைத் தலைவர்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினான். கடையில் வைத்த பிரதிகளைப் பாதிரியார் ஒருவர் கண்டு அங்கேயே கொளுத்தச் செய்தார். ‘இது நீ எழுதியதா?’ என்று கேட்டார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றான். ‘இதை மறுக்கின்றாயா?’ என்றார்கள், மறுக்க மாட்டேன் என்றான். 1811 மார்ச் 25ந் தேதி இருவரையும் வெளியே தள்ளினார்கள். புஸ்தகத்திலுள்ள வாதத்துக்குப் பதில் சொன்னவர் அந்தக் கூட்டத்தில் ஒருவருமில்லை.

அந்த ஷெல்லி 30 வயது நிரம்பும் முன்பே கடலில் மூழ்கி இறந்து இங்கிலாந்தின் மகாகவிகளில் ஒருவராகிவிட்டார். 1893ல் அதே யூனிவர்சிட்டி காலேஜ் அவருக்கு வெள்ளைச் சலவைக்கல் சிலை வைத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி ‘எங்கள் மாணவர்’ என்று பெருமைப்படுகின்றார்கள். தள்ளின கதவு இருக்கும் இடத்தில் தள்ளப்பட்டவனுக்குச் சிலை! உயிரோடிருக்கும்போது கல்லால் அடிப்பதும் செத்தபின் கல்லில் அடிப்பதும் எல்லாத் தேசத்துக்கும் பொதுவான சம்பிரதாயம் போலிருக்கின்றது.

அடுத்தது அங்கி. எல்லோரும் ஒரே அங்கி போட்டால் ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாது, ஆகையால் அது சமத்துவத்தின் சின்னம் என்று இப்போது சொல்லுகின்றார்கள். கேட்க அழகாயிருக்கின்றது. சரித்திரம் நேர்மாறு. பழைய நாளில் அந்த அங்கிதான் ஜாதிக்குறி. பிரபுவின் மகனுக்குத் தொப்பியில் தங்கக் குஞ்சம். அதற்கடுத்த பணக்காரனுக்குப் பட்டு அங்கி. அதற்குக் கீழே சாதாரணப் பிள்ளை. எல்லோருக்கும் அடியில் ‘சர்விட்டர்’ என்கிற ஏழை மாணவன். அவன் மற்ற மாணவர்களுக்குச் சாப்பாடு பரிமாறி, ஏவின வேலை செய்து, அவர்கள் எழுந்த பிறகு தான் சாப்பிட்டுத் தன் படிப்பைப் படிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் இதற்கு ‘சைசர்’ என்று பெயர். 1661ல் அந்தப் பந்தியின் கடைசியில் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவன் பெயர் ஐசக் நியூட்டன். அந்த நியூட்டனை ஏவிக்கொண்டு சாப்பிட்டவர்கள் பெயரை இன்று யார் கேட்கின்றார்கள்? பந்தியில் எங்கே உட்காருவது என்கிற சண்டையை அறியாத ஊர் நம் பக்கத்தில் இல்லையாதலால் இதை மேலும் விளக்காமல் விடுகின்றோம்.

ஆங்கில அகராதி செய்த ஜான்ஸன் 1728 அக்டோபர் 31ந் தேதி பெம்பிரோக் காலேஜில் சேர்ந்தார். பூட்ஸ் கிழிந்து விரல் வெளியே தெரிந்தது. யாரோ இரக்கப்பட்டு இரவில் ஒரு ஜோடி புதுப் பூட்ஸை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். பணமில்லாமல் பதின்மூன்று மாதத்தில் படிப்பை விட்டுப் போனார். 1755ல் அகராதி வெளிவரும் சமயத்தில் சர்வகலாசாலை தானாகவே அவருக்கு எம்.ஏ. பட்டம் அனுப்பிற்று. சம்பளம் கட்ட முடியாதபோது மூடின கதவு புகழ் வந்தபோது திறந்தது. இந்தக் காலத்திலும் பாதிப் படிப்பில் கலாசாலையை விட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கின்றார்கள். அவர்களெல்லாரும் அகராதி எழுதிக் காட்டித்தான் ஆகவேண்டுமா?

பாஷையும் ஒரு பூட்டுத்தான். என்ன படிக்க வந்தாலும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1920 வரையில். லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1960 வரையில். ரசாயனம் படிக்கப் போகிற பையனுக்கு லத்தீன் எதற்கு? லத்தீன் சொல்லிக்கொடுக்கும் பணக்காரப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவன் வந்துவிடாமலிருப்பதற்கு, வேறெதற்கு?

இனிப் பெண்கள். பெண்களுக்கென்று இரண்டு விடுதிகள் ஆக்ஸ்போர்டில் திறக்கப்பட்டது 1879 அக்டோபரில். அதற்கு முன் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னால்தான் யோக்கியதை தெரியும். 1873ல் சர்வகலாசாலை நடத்திய பரீட்சையில் ஏ. எம். ஏ. எச். ராஜர்ஸ் என்கிற பெயருடையவர் மிக மேலாகத் தேறினார். இரண்டு கலாசாலைகள் உதவிச் சம்பளத்தோடு இடம் தருகின்றோம் என்று முன்வந்தன. பிறகுதான் தெரிந்தது, அது ஆன்னி ராஜர்ஸ் என்கிற பெண் என்று. உடனே இடம் போயிற்று. ஆறுதலுக்குச் சில புஸ்தகங்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். மூளை அதேதான், விடைத்தாள் அதேதான், பெயரின் முதலெழுத்துக்கள் விரிந்தவுடன் தகுதி மறைந்துவிட்டது! அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. 47 வருஷம் போராடி 1920ல் தம் 64வது வயதில் பட்டம் வாங்கினார்.

நம் தேசத்துப் பெண் ஒருவரும் இதில் அகப்பட்டுக்கொண்டார். கார்னீலியா ஸொராப்ஜி பம்பாய் மாகாணத்தில் பி.ஏ. பரீட்சையில் முதல் தரத்தில் தேறியவர். அதற்குச் சர்க்கார் கொடுக்கும் சீமை உதவிச் சம்பளம் பெண் என்பதனால் அவருக்கு மறுக்கப்பட்டது. நண்பர்கள் பணம் சேர்த்து அனுப்ப 1889ல் ஆக்ஸ்போர்டு போனார். சட்டம் படித்தார். விசேஷ அனுமதியின் பேரில் 1892ல் சட்டப் பரீட்சையும் எழுதினார். பட்டம் எப்போது கிடைத்தது? 1922ல். முப்பது வருஷம்!

ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒப்புக்கொண்டு முதல் பட்டம் கொடுத்தது 1920 அக்டோபர் 14ந் தேதி. பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமையே பெண்களில் ஒரு பகுதியாருக்கு 1918ல் வந்துவிட்ட பிறகு! கேம்பிரிட்ஜுக்கு அந்த வெட்கமும் இல்லை. 1921 அக்டோபர் 20ந் தேதி அங்கே ஓட்டெடுத்துப் பெண்களைச் சமமாகச் சேர்க்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். தீர்மானித்த சந்தோஷத்தில் ஆண் பிள்ளைகள் கும்பலாகப் புறப்பட்டு நியூன்ஹாம் என்கிற பெண்கள் கலாசாலைக்குப் போய், ஒரு தள்ளுவண்டியைக் கொண்டு வெண்கலக் கதவை மோதிச் சேதப்படுத்தினார்கள். அந்தக் கலாசாலையின் முதல் தலைவியான அம்மாளின் ஞாபகத்துக்காக வைத்த கதவு அது. கிரேக்கமும் லத்தீனும் கசடறக் கற்ற கனவான் வீட்டுப் பிள்ளைகள் செய்த காரியம் இது. கேம்பிரிட்ஜில் பெண்கள் சமமாகச் சேர்க்கப்பட்டது 1948ல். ஆக்ஸ்போர்டிலும் பட்டம் கொடுத்த கையோடு 1927ல் பெண்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று ஓர் எல்லை கட்டினார்கள். அது 1957 வரையில் இருந்தது. ஆண்களுக்கே உரிய கலாசாலைகளில் கடைசியாகப் பெண்களைச் சேர்த்தது 1985ல்.

இப்போது நமது கனவானுடைய மகளின் படத்தை மறுபடியும் பார்ப்போம். சம்பிரதாயம் காப்பாற்றப்பட்டிருந்தால் அந்தப் பெண் 39 கொள்கைகளுக்குக் கையெழுத்துப் போடாததால் ஒரு தடவை வெளியே. கிரேக்கம், லத்தீன் தெரியாததால் மறுபடி வெளியே. பெண்ணாய்ப் பிறந்ததால் மூன்றாந் தடவையும் வெளியே. அங்கி மாத்திரம் கண்ணாடி அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

காலம் வந்தால் தானே மாறும், நீங்கள் ஏன் கூச்சலிட வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்னவற்றில் எது தானே மாறிற்று? மதப் பூட்டை உடைத்தது பார்லிமெண்டு. சர்வகலாசாலைப் பெரியவர்களில் அனேகர் கடைசி வரையில் எதிர்த்தே நின்றார்கள். பெண்கள் பூட்டுக்கு ஆன்னி ராஜர்ஸ் போன்றவர்களின் ஆயுள் பூராவும் செலவாயிற்று. ஒவ்வொரு தடவையும் ‘பழமை போய்விடும், ஒழுக்கம் கெட்டுவிடும், படிப்பின் தரம் தாழ்ந்துவிடும்’ என்று சொன்னார்கள். போயிற்றா? கெட்டதா? தாழ்ந்ததா? உலகத்தின் முதல் வரிசைச் சர்வகலாசாலைகளில் ஒன்றாக அது இன்றைக்கு இருப்பது பூட்டுக்களைப் போட்டதனாலா, திறந்ததனாலா?

அப்படியானால் அங்கியைக் கொளுத்தச் சொல்லுகின்றீர்களா என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. 2012ல் இந்த உடையில் ஆண் பெண் பேதத்தை எடுத்துவிட்டார்கள். 2015ல் பரீட்சைக்கு இந்த உடை கட்டாயமாக வேண்டுமா வேண்டாமா என்று மாணவர்களையே கேட்டார்கள். முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் வேண்டும் என்றார்கள். நமக்கு அது அனாவசியமாகத்தான் படுகின்றது. ஆனால் போடுகிறவனைக் கேட்டு வைத்துக்கொண்ட சட்டை அது. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். நம் ஊரில் எந்தச் சம்பிரதாயத்துக்கு அதனால் கஷ்டப்படுகிறவனைக் கேட்டு ஓட்டெடுத்தார்கள்? கோவிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைக் கேட்டார்களா? மொட்டையடிக்கப்பட்ட விதவையைக் கேட்டார்களா?

இவற்றில் பாதியை அன்று கடை வாசலில் சொன்னோம். கனவான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “1920 வரைக்குமா பெண்களுக்குப் பட்டம் இல்லை?” என்று மாத்திரம் கேட்டார். ஆமாம் என்றோம். “என் பாட்டி காலம்” என்று சொல்லிப் படத்தை மறுபடியும் திறந்து பார்த்தார்.

“ஐயா, அடுத்த தடவை மகளோடு பேசும்போது ஒரு காரியம் சொல்லுங்கள். யூனிவர்சிட்டி காலேஜில் ஷெல்லி சிலை இருக்கின்றது. அந்த அங்கியோடேயே அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்” என்றோம். சொல்லுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றார். படம் வந்தால் நமது வாசகசாலையில் மாட்டுவதற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கின்றது.